மெல்லிய குரலைக் கேட்டவர்: கெல்வின் பிரபு

கெல்வின் என்ற பெயரை அறியாத அறிவியல் மாணவர் இருக்க முடியாது. இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் படித்த அனைவரும் வெப்பநிலையைக் கெல்வினில் கணக்கிட்டிருப்போம். பூச்சியம் கெல்வின் என்றால் கழித்தல் 273.15 பாகை செல்சியஸ் என்று மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்போம். ஆனால், மின்னியல், மின்னணுவியல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழையும் மாணவர்களை இந்தப் பெயர் விடாமல் பின்தொடர்கிறது. மிகச் சிறிய மின்தடையை அளக்க நான்கு கம்பிகளை இணைக்கும் முறைக்குக் கெல்வின் இணைப்பு என்று பெயர். அதற்குப் பயன்படும் கவ்விக்குக் கெல்வின் கவ்வி என்று பெயர். அளவுமானியின் முனைகளில் ‘கார்டு’ என்று எழுதப்பட்டிருக்கும் காப்பு முனையும் அவருடைய சிந்தனையின் வழி வந்ததே.

ஒரு கருவியை எப்படி இணைப்பது, நிலத்தொடர்பை எங்கே கொடுப்பது, வேண்டாத இரைச்சலை எப்படி வெளியே நிறுத்துவது? இவை சில்லறைக் கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால், இக்கேள்விகளுக்கு விடை தெரியாததால் ஒரு காலத்தில் ஒரு நிறுவனம் பல இலட்சம் பவுனைக் கடலில் கொட்டியது. அந்தத் தோல்வியையும் அதன் பின் வந்த வெற்றியையும் உடனிருந்து கண்டவர் வில்லியம் தாம்சன் எனும் கெல்வின் பிரபு. அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்தில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்து வயதில் பல்கலைக்கழகம்

வில்லியம் தாம்சன் 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணித ஆசிரியர். வில்லியமுக்கு ஆறு வயது இருக்கும்போது, 1830இல், தாயார் காலமானார். அதன் பின்னர்ப் பிள்ளைகளுக்குத் தாயும் ஆசானுமாக இருந்தவர் தந்தையே. அவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக அமர்த்தப்பட்டதும் குடும்பமே அங்குக் குடிபெயர்ந்தது.

1834இல், பத்து வயதில், வில்லியம் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்து ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டன என்றாலும், பத்து வயது என்பது அப்போதும் வியப்புக்குரியதே. பதினைந்து, பதினாறு வயதில் அவர் கைக்கு ஒரு பிரெஞ்சு நூல் கிடைத்தது. வெப்பம் ஒரு பொருளில் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணித வழியில் விளக்கிய ஃபூரியே என்பவரின் நூல் அது. இரண்டே வாரங்களில் அதைப் படித்து முடித்தார். ஃபூரியேயின் கணிதத்தில் பிழை உள்ளது என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். அது தவறு என்று நிறுவி, புனைபெயரில் ஒரு கட்டுரையை 1841இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு. வெப்பம் பரவும் அந்தச் சமன்பாடு பின்னாளில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தனக்குப் பயன்படும் என்பதை அப்போது அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1841இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1845இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்துப் பாரிஸ் சென்று, நுட்பமான அளவீடுகளுக்குப் பெயர்பெற்ற ரெனியோவின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். ஒரு வெப்பமானியின் அளவைக் குறிப்பதற்கு முன் எத்தனை பிழைகளைக் களைய வேண்டும் என்பதை அங்குதான் கற்றார். கணிதத்தில் சிறந்த இளைஞர் கைவேலையிலும் பொறுமையைக் கற்ற இடம் அது.

பாதாள அறையில் ஓர் ஆய்வுக்கூடம்

1846இல், 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்கைத் தத்துவப் பேராசிரியரானார். இயற்பியலுக்கு அங்கு வழங்கிய பெயர் அது. மகன் அப்பதவியைப் பெற வேண்டும் என்பதற்காகத் தந்தை நெடுங்காலம் முயன்றிருந்தார். மகன் பொறுப்பேற்ற மூன்றாண்டுகளில், 1849இல், தந்தை வாந்திபேதி நோயால் மறைந்தார். தாம்சனோ அந்தப் பதவியில் 53 ஆண்டுகள் நீடித்தார். கேம்பிரிட்ஜ் அழைத்தும் செல்லவில்லை.

1848இல் முழுமை வெப்பநிலை அளவை அவர் முன்மொழிந்தார். நாம் அறிந்த கெல்வின் அளவு அதிலிருந்து வளர்ந்ததாகும். ஆயினும், மாணவர்களாகிய நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய இன்னொரு செயலும் உண்டு. அக்காலத்தில் இயற்பியல் என்பது பேராசிரியர் மேடையில் செய்துகாட்ட, மாணவர் அமர்ந்து பார்க்கும் பாடமாக இருந்தது. தாம்சன் பழைய கட்டடத்தின் பயன்படாத மது பாதாள அறை ஒன்றைப் பெற்று, மாணவர்கள் தாமே அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடமாக மாற்றினார். பிரிட்டனில் மாணவர்களுக்கென்று உருவான முதல் இயற்பியல் ஆய்வுக்கூடம் அதுவே எனக் கருதப்படுகிறது. அங்கே வரையறுத்த பாடத்திட்டம் எதுவும் கிடையாது. பேராசிரியருக்கு அப்போது எழும் ஐயத்திற்கு மாணவர்கள் விடை தேடினார்கள். செம்புக் கம்பிகளின் மின்தடையை அளந்தார்கள். மின்காப்புப் பொருள்களைச் சோதித்தார்கள். அந்த அளவீடுகள்தாம் கடலடித் தந்திக்கு அடித்தளமாயின.

மலாயா மரத்தின் பால்

இங்கே நம் மண்ணின் தொடர்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடலடியில் மின்கம்பியை இட வேண்டுமானால் நீர் புகாத மின்காப்பு தேவை. ரப்பர் கடல்நீரில் அக்காலத்தில் நிலைக்கவில்லை. சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி, மலாய்க்காரர்கள் கத்திப்பிடி செய்யப் பயன்படுத்திய ஒரு மரப்பாலைக் கண்டு, 1840களில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். மலாய் மொழியில் கெத்தா பெர்ச்சா என்று வழங்கும் அந்தப் பால், ஆங்கிலத்தில் கட்டாபர்ச்சா ஆயிற்று. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் மேலும் உறுதிப்படும்.

அட்லாண்டிக் கம்பிவடம் உட்பட அந்நூற்றாண்டின் கடலடிக் கம்பிவடங்கள் இந்தப் பாலையே நம்பியிருந்தன. அதற்காக நம் காடுகள் கொடுத்த விலை பெரிது. பால்மரத்தைப் போலச் சீவிப் பாலெடுக்காமல், மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்த் தீவில் இம்மரம் அரிதாகிவிட்டது.

கம்பிவடத்தின் நடுவே செம்பு, அதைச் சுற்றிக் கட்டாபர்ச்சா, வெளியே கடல்நீர். இந்த அமைப்பைச் சற்று நோக்கினால் அது ஒரு நீண்ட மின்தேக்கி என்பது புரியும். இங்கிருந்து அனுப்பும் மின்சாரம் முதலில் அந்த மின்தேக்கியை நிரப்ப வேண்டும். ஆகவே, ஒரு முனையில் சட்டென்று கொடுத்த துடிப்பு மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஓர் அலையாகவே வந்து சேரும். 1854-55இல் தாம்சன் இதைக் கணக்கிட்டார். இரும்புத் தண்டில் வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே தந்த அதே சமன்பாடு இங்கும் பொருந்தியது. கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட முடிவு. இதற்கு வர்க்க விதி என்று பெயர்.

இரண்டு வழிகள்

1856இல் அட்லாண்டிக் தந்தி நிறுவனம் தோன்றியது. ஆயிரம் பவுன் மதிப்புள்ள 350 பங்குகள் விற்கப்பட்டன. தாம்சன் அதன் இயக்குநர்களுள் ஒருவர். மின்னியல் பொறுப்போ ஒயில்ட்மேன் ஒயிட்ஹவுஸ் என்பவரிடம் இருந்தது. அவர் அடிப்படையில் அறுவை மருத்துவர். சொந்த முயற்சியால் மின்னியல் பயின்றவர். அவருக்கு வர்க்க விதியில் நம்பிக்கையில்லை. தம் சோதனைகள் அதைப் பொய்யாக்குகின்றன என்று 1856இல் வாதிட்டார். மறுமுனையில் சமிக்ஞை மெலிந்து வந்தால், இம்முனையில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்பது அவர் வழி.

தாம்சனின் வழி நேர்மாறானது. கத்துவதைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கேட்கும் காதைக் கூர்மையாக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1858இல் அவர் உருவாக்கிய ஆடி கால்வனோமீட்டர் இதற்கான கருவி. ஒரு சிறிய கண்ணாடியின் பின்புறம் நுண்ணிய காந்தங்களை ஒட்டி, பட்டு இழையில் தொங்கவிட்டார். கண்ணாடியும் காந்தமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை. சுற்றியுள்ள கம்பிச்சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தாலும் கண்ணாடி திரும்பும். விளக்கொளி அதில் பட்டுத் தொலைவில் உள்ள அளவுகோலில் புள்ளியாய் விழும். கண்ணாடி இம்மியளவு அசைந்தால் ஒளிப்புள்ளி விரற்கடை தூரம் நகரும்.

ஆனால், கூர்மையான காதுக்கு ஒரு தொல்லை உண்டு. அது வேண்டியதையும் கேட்கும், வேண்டாததையும் கேட்கும். பூமியின் காந்தப்புலமும், பக்கத்தில் இருக்கும் இரும்பும், கப்பலின் ஆட்டமும் அந்தக் கண்ணாடியைத் திருப்பும். எனவே, தாம்சனின் பணியில் பாதி கருவியைக் கூர்மையாக்குவது. மறுபாதி அதைச் சுற்றியுள்ள உலகத்தை அமைதிப்படுத்துவது. கருவியின் மேலே ஒரு காந்தத்தை வைத்துப் பூமியின் காந்த விளைவைச் சரிக்கட்டினார். கப்பலில் பயன்படும் கால்வனோமீட்டருக்கு இழையை மேலும் கீழும் இழுத்துக் கட்டினார். கருவி முழுவதையும் தடித்த தேனிரும்புப் பெட்டிக்குள் அடைத்தார். கப்பலின் காந்தப்புலம் அந்த இரும்பின் வழியே சுற்றிச் சென்றுவிடும். உள்ளே இருக்கும் கண்ணாடியைத் தொடாது. காந்தத் திரையிடல் என்று நாம் இன்று படிப்பது இதைத்தான்.

மூன்று வார மகிழ்ச்சி

1857இல் நடந்த முதல் முயற்சியில் கம்பிவடம் அறுந்தது. ஒயிட்ஹவுஸ் உடல்நலம் காரணமாகக் கப்பலேறவில்லை. அவருக்குப் பதிலாகத் தாம்சன் ஊதியமின்றி ‘அகமெம்னான்’ கப்பலில் சென்றார். 1858 ஜூன் மாதப் பயணத்தில் அக்கப்பல் கடும் புயலில் சிக்கி மூழ்கும் நிலைக்குப் போய் மீண்டது. தொடர்ந்து பலமுறை வடம் அறுந்த பிறகு, 1858 ஆகஸ்ட் 5ஆம் நாள் அயர்லாந்தும் நியூஃபவுண்ட்லாந்தும் இணைக்கப்பட்டன. இரு நாடுகளிலும் கொண்டாட்டம். விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு 98 சொற்கள் கொண்ட வாழ்த்தை அனுப்பினார். அது போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது.

கரையில் பொறுப்பேற்ற ஒயிட்ஹவுஸ் தம் வழியைக் கையாண்டார். ஐந்தடி நீளமுள்ள தூண்டல் சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ட் வரை மின்னழுத்தத்தைக் கம்பிவடத்தில் செலுத்தினார். மறுபுறம், அவருடைய சொந்த ஏற்பிக் கருவி வேலை செய்யாததால், தாம்சனின் ஆடி கால்வனோமீட்டரைக் கொண்டே செய்திகள் பெறப்பட்டன. அதை அவர் நிறுவனத்திடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. செப்டம்பர் தொடக்கத்திற்குள் வடம் ஊமையாயிற்று.

நியாயமாகப் பேசினால், பழி முழுவதையும் ஒருவர் தலையில் சுமத்த இயலாது. அந்த வடம் அவசரத்தில் செய்யப்பட்டது. செம்பு சில இடங்களில் மின்காப்பின் நடுவில் அமையாமல் ஓரம் ஒதுங்கியிருந்தது. வெயிலில் கிடந்து கட்டாபர்ச்சா இளகியும் இருந்தது. பலவீனமான வடத்தின் மீது உயர் மின்னழுத்தம் பாய்ந்தபோது முடிவு விரைந்து வந்தது என்று கூறலாம். ஒயிட்ஹவுஸ் பதவி நீக்கப்பட்டார். அரசும் நிறுவனமும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1859 முதல் ஆராய்ந்து 1861இல் அறிக்கை அளித்தது. மின்னியல் பொறியியலுக்குச் சரியான அலகும் சரியான அளவீடும் தேவை என்பதை அனைவரும் உணர்ந்தனர். அதே 1861இல் பிரிட்டிஷ் அறிவியல் கழகம் தாம்சனின் தூண்டுதலால் மின் அலகுகளுக்கான குழுவை அமைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் ஓம், வோல்ட் ஆகிய அலகுகளின் வளர்ச்சியில் அக்குழுவுக்குப் பெரும் பங்குண்டு.

இணைப்பே பிழை செய்யும்போது

இக்காலத்தில்தான் தாம்சன் நம் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வாழும் இரண்டு வழிமுறைகளை உருவாக்கினார்.

முதலாவது, சிறிய மின்தடையை அளக்கும் முறை. ஒரு செம்புத் துண்டின் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளுக்கும் தொடுமுனைகளுக்குமே 0.2 ஓம் தடை இருக்கலாம். அப்படியானால், நாம் அளப்பது செம்பை அன்று, நம் கம்பிகளை. தாம்சன் 1861 அளவில் விளக்கிய இரட்டைப் பாலம், தொடுமுனைகளின் தடையைக் கணக்கிலிருந்து விலக்கியது. இன்றைய நான்கு கம்பி முறையின் கருத்தும் அதுவே. இரண்டு கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டு செல்லும். வேறு இரண்டு கம்பிகள் பொருளின் மீதே தொட்டு மின்னழுத்தத்தை மட்டும் அறியும். பின்னவற்றில் மின்சாரம் ஏறக்குறைய பாய்வதே இல்லை என்பதால், அவற்றின் தடை எவ்வளவாக இருந்தாலும் அளவில் பிழை வராது. சுமை சுமப்பவன் வேறு, சாட்சி சொல்பவன் வேறு என்று பிரித்துவிட்டார் எனலாம்.

இரண்டாவது, காப்பு வளையம். இரண்டு தட்டுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பைக் கொண்டு மின்னழுத்தத்தை அளக்கும் மின்னழுத்தமானிகளை அவர் செய்தார். தட்டின் ஓரங்களில் மின்புலம் வளைந்து போவதால் கணக்குப் பிழைத்தது. நடுத்தட்டைச் சுற்றி ஒரு வளையத்தை வைத்து, அதையும் அதே மின்னழுத்தத்தில் நிறுத்தினார். ஓரத் தொல்லைகள் யாவும் வளையத்தோடு நின்றன. நடுத்தட்டு சீரான புலத்தைக் கண்டது. இன்று மிக நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் கருவிகளில் சமிக்ஞைக் கம்பியைச் சுற்றியுள்ள உறையை அதே மின்னழுத்தத்தில் வைக்கிறோம். கம்பிக்கும் உறைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லையென்றால் கசிவும் இல்லை. தத்துவம் ஒன்றே.

வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தடுக்க உலோகக் கூடு போதும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இலேயே காட்டியிருந்தார். தாம்சன் அதைத் தம் கருவிகளில் நடைமுறைப்படுத்தினார். கருவியின் உலோக உறையே திரையாகவும், அளவீட்டுக்கு ஆதாரமாகவும் அமைந்தது.

விரலுறையில் ஒரு மின்கலம்

1865இல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற மாபெரும் கப்பல் புதிய வடத்தைச் சுமந்து புறப்பட்டது. முந்தைய வடத்தில் கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பு. இதில் 300 பவுண்டு. செம்பின் தூய்மையும் சோதிக்கப்பட்டிருந்தது. தாம்சனும் குரோம்வெல் வார்லியும் மின்னியல் ஆலோசகர்கள். வடம் கடலில் இறங்க இறங்க, அதன் மின்காப்பு இடைவிடாது சோதிக்கப்பட்டது. ஒரு சிறு இரும்புக் கம்பித்துண்டு மின்காப்பைத் துளைத்திருந்ததைக்கூட ஒளிப்புள்ளி காட்டிக்கொடுத்தது. எனினும், 1,200 மைல் கடந்த பின், ஆகஸ்ட் 2ஆம் நாள் வடம் அறுந்து ஆழ்கடலில் வீழ்ந்தது. மறு ஆண்டு மீண்டும் சென்றார்கள். 1866 ஜூலை 27ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது. அதோடு விடாமல், முந்தைய ஆண்டில் தொலைந்த வடத்தையும் கொக்கியிட்டுத் தூக்கி, செப்டம்பரில் முடித்துவைத்தார்கள். தாம்சனுக்குச் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது.

அந்தச் செப்டம்பரில் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் ஒரு சோதனை செய்தார். நியூஃபவுண்ட்லாந்தில் இரு வடங்களையும் ஒன்றாக இணைக்கச் செய்தார். தையற்காரர் அணியும் வெள்ளி விரலுறை ஒன்றில் சில துளி அமிலமும் ஒரு துண்டு துத்தநாகமும் இட்டு மின்கலமாக்கினார். அந்த மின்கலத்தின் சமிக்ஞை ஏறக்குறைய 3,700 மைல் சென்று திரும்பி, கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளியைத் தெளிவாக நகர்த்தியது. எட்டாண்டுகளுக்கு முன் 2,000 வோல்ட் தோற்ற இடத்தில் ஒரு விரலுறை வென்றது. இரு வழிகளுக்கிடையே நடந்த வழக்கில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை.

நிலம் என்பது பூச்சியமா?

அக்காலத் தந்திக்கு ஒரே கம்பிதான். மின்சாரம் திரும்பி வரும் வழி பூமியே. அனுப்பும் இடத்தில் மின்கலத்தின் ஒரு முனையும், பெறும் இடத்தில் கால்வனோமீட்டரின் ஒரு முனையும் நிலத்தில் இணைக்கப்பட்டன. நிலம் எங்கும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் இது சரி. ஆனால், அயர்லாந்து நிலமும் நியூஃபவுண்ட்லாந்து நிலமும் எப்போதும் ஒத்த மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. காந்தப்புயல் வீசும்போது வேறுபாடு பெரிதாகும். 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து எழுந்த புயலின்போது அமெரிக்காவில் மின்கலமே இல்லாமல் தந்திக் கம்பிகள் வேலை செய்தன. இந்த நில மின்னோட்டம் சமிக்ஞையோடு கலந்து ஒளிப்புள்ளியை அலைக்கழித்தது. வார்லி தந்த தீர்வு, வடத்தின் முனைகளில் மின்தேக்கியைச் சேர்ப்பது. மெல்ல மாறும் நில மின்னோட்டத்தை அது தடுக்கும். விரைந்து மாறும் சமிக்ஞையை விடும். தாம்சன், வார்லி, ஃபிளீமிங் ஜென்கின் மூவரும் தங்கள் காப்புரிமைகளுக்காகக் கூட்டு வைத்துக்கொண்டனர்.

பின்னாளில் வேறொரு தொல்லை வந்தது. 1896இல் கேப் டவுன் நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும், தண்டவாளத்திலிருந்து நிலத்தில் கசிந்த மின்சாரம் அங்குள்ள கடற்கம்பி நிலையத்தின் பதிவுகளைக் குலைத்தது. பொறியாளர்கள் கண்ட வழி, கருவியின் நிலத்தொடர்பை நகரத்திலிருந்து விலக்கிக் கடலுக்குள் சில மைல் தூரம் கொண்டு செல்வது. நிலத்தொடர்பு இருக்கிறதா என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அந்நிகழ்வு உணர்த்தியது.

நம் ஆய்வுக்கூடத்திலும் இதுவே நடக்கிறது. ஆசிலோஸ்கோப்பை ஒரு சுவர் மின்செருகியிலும் சோதிக்கும் சுற்றை இன்னொன்றிலும் இணைக்கிறோம். இரண்டும் மூன்றாம் முள்ளின் வழியே நிலத்தைத் தொடுகின்றன. அளவீட்டுக் கம்பியின் நிலமுனையையும் சேர்த்தால் ஒரு வளையம் உருவாகிறது. அருகிலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலம் அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தூண்டுகிறது. திரையில் நம் சமிக்ஞை அந்த அலையின் மேல் மிதக்கிறது. தீர்வுகள் எளியவை. கருவிகளை ஒரே செருகிப் பலகையில் இணைக்கலாம். நிலமுனைக் கம்பியைக் குட்டையாக்கலாம். சமிக்ஞைக் கம்பியையும் திரும்பு கம்பியையும் முறுக்கி, வளையத்தின் பரப்பைக் குறைக்கலாம். தாழ் அதிர்வெண் அளவீடுகளில் உறையை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைக்கலாம். நிலத்தோடு சேராத இரு புள்ளிகளுக்கிடையே அளக்க வேண்டுமானால், இரண்டு தடங்களை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாம். செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. இரைச்சலைப் போக்க மூன்றாம் முள்ளைத் துண்டிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். அது நம்மைக் காக்க வைத்த இணைப்பு. அதன் மீது கை வைக்கலாகாது.

பிற்கால வாழ்வு

1867இல் தாம்சன் சைபன் பதிவியைக் காப்புரிமை செய்தார். காந்தத்தின் நடுவே தொங்கும் இலேசான சுருள் அசைய, நுண்ணிய கண்ணாடிக் குழாய் தாளில் மை தெளித்துச் செய்தியை வரையும். குழாய் தாளைத் தொடாததால் உராய்வு இல்லை. இரவெல்லாம் ஒளிப்புள்ளியைக் கண்கொட்டாமல் பார்த்த ஊழியர்களுக்கு அது பெரும் விடுதலை. 1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடி வடம் வந்தது. மறு ஆண்டு அது ஹாங்காங் வரை நீண்டது. நம் மூதாதையர் கப்பலில் பல நாள் கடந்த வங்கக்கடலைச் செய்தி சில நிமிடங்களில் கடந்தது.

1870இல் அவருடைய முதல் மனைவி மார்கரெட் நெடுநாள் நோய்க்குப் பின் மறைந்தார். 1874இல் ஃபிரான்சிஸ் பிளாண்டியை மணந்தார். இரும்புக் கப்பலில் பிழை செய்யாத திசைகாட்டி, ஆழமறியும் கருவி, கடலலை ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணிக்கும் பொறி எனத் தொடர்ந்து படைத்தார். 1892இல் பிரபு பட்டம் பெற்றபோது, தம் பல்கலைக்கழகத்தின் அருகில் ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. பூமியின் வயதை அவர் கணித்தது மிகக் குறைவு. கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகும் எளிதில் மனம் மாறவில்லை. மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கையை முழுமையாக ஏற்கவும் தயங்கினார். அவருடைய வடக் கணக்கில் விடுபட்ட தூண்டல் விளைவை ஆலிவர் ஹெவிசைட் சேர்த்தபோது, அதை வெளிப்படையாகப் பாராட்டும் மனம் மட்டும் அவருக்கு இருந்தது.

1899இல் ஓய்வு பெற்றார். 75 வயதில், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பெயரைப் பதிந்துகொண்டார். பத்து வயதில் மாணவராக நுழைந்தவர் மீண்டும் மாணவராகவே ஆனார். 1907 டிசம்பர் 17ஆம் நாள் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பட்டங்களும் பதவிகளும் அவருக்கு நிறைய வந்தன. ஆயினும், மாணவர்களாகிய நமக்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் ஒரு பழக்கம்தான். திரையில் சமிக்ஞை தெளிவாகத் தெரியாதபோது உடனே மின்னழுத்தத்தைக் கூட்டத் தோன்றும். அதற்கு முன் கம்பி எங்கே தொடுகிறது, நிலம் எங்கே இணைகிறது, உறை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அட்லாண்டிக் கடலின் அடியில் பெரும் பொருட்செலவில் கற்ற பாடம் இது. ஆய்வுக்கூட மேசையில் நமக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது.